அணு உலை விண்கலத்தில் கவசத்தின் எடையைக் குறைப்பது எப்படி?

சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: செவ்வாய்க்கு மனிதர்களை ஏற்றிப் போகும் கலத்தில் அணு உலை வைத்தால், கதிர்வீச்சைத் தடுக்கும் கவசமே பல பத்து டன் வந்துவிடுமே, உலையால் கிடைக்கிற லாபத்தை அதுவே தின்றுவிடாதா? எடையைக் குறைக்கப் புதிதாக ஏதாவது பொருள் இருக்கிறதா? பூமியைப் போலக் கலத்தைச் சுற்றிக் காந்தப்புலம் வைத்துத் தடுக்க முடியாதா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது. உலையிலிருந்து வருவது நியூட்ரானும் காமாவும். இரண்டுக்கும் மின்னூட்டம் கிடையாது, எத்தனை பெரிய காந்தம் வைத்தாலும் அது பாட்டுக்கு நேராகப் போகும். காந்தப்புலம் வேலை செய்வது சூரியனிலிருந்தும் விண்மீன் மண்டலத்திலிருந்தும் வரும் மின்னூட்டம் உள்ள துகள்களிடம்தான். அது வேறு கதை, பிறகு வருகிறேன்.

புதுப் பொருள் என்பதிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. எதை வைத்துத் தடுக்கிறோம் என்பதைவிட எங்கே வைத்துத் தடுக்கிறோம், எவ்வளவு பரப்புக்குத் தடுக்கிறோம் என்பதில்தான் டன் கணக்கில் எடை ஏறுவதும் இறங்குவதும். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

நான் விண்வெளித் துறை ஆள் இல்லை. சேலம், மேட்டூர் பக்கம் பாய்லர் பைப், பிரஷர் வெசல் வெல்டுகளுக்கு ஆர்.டி. எடுக்கிற வேலை, அதாவது காமா கதிரை வெல்டுக்குள் செலுத்திப் பிலிமில் படம் பிடித்து உள்ளே விரிசல் இருக்கிறதா, காற்றுக்குமிழ் இருக்கிறதா என்று பார்ப்பது. நாங்கள் பயன்படுத்துவது இரிடியம்-192. அந்தச் சோர்ஸ், அதாவது கதிரை வெளிவிடும் துண்டு, சில மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனால் அதை வைத்திருக்கும் பெட்டியை, நாங்கள் கேமரா என்போம், ஒரு கையால் தூக்கினால் தோள் இறங்கிவிடும். இருபது கிலோவுக்கு மேல். உள்ளே இருப்பது பெரும்பாலும் யுரேனியம்! பிளவுறும் யுரேனியத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற, நீர்த்த யுரேனியம். அதைக் கவசமாக வைத்திருக்கிறார்கள். ஏன் ஈயம் வைக்கவில்லை என்று புதிதாக வரும் பையன்கள் எல்லாரும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பதிலும் தம்பி கேட்டதற்கான பதிலில் பாதியும் ஒன்றுதான்.

காமா கதிர் ஒரு பொருளுக்குள் எவ்வளவு குறைகிறது என்பதற்கு ஒரு எண் உண்டு, ஒரு கிராமுக்கு இத்தனை என்று. அணு உலையிலிருந்து வருகிற 2 எம்இவி (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) மாதிரியான ஆற்றலில் அந்த எண்ணைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: ஈயம் 0.046, டங்ஸ்டன் 0.044, தண்ணீர் 0.049. எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான், தண்ணீர் ஒரு பொடி கூடவே. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டன் ஈயத்தை வைத்தாலும் ஒரு டன் தண்ணீரை வைத்தாலும் நேராக வரும் காமா குறைவது கிட்டத்தட்ட ஒரே அளவு. (என்னுடைய இரிடியத்தின் காமாவுக்கு ஆற்றல் குறைவு, அங்கே கனமான தனிமங்களுக்குக் கிராம் கணக்கிலும் சாதகம் உண்டு. உலைக் காமாவில் அந்தச் சாதகம் போய்விடுகிறது.)

அப்படியானால் டங்ஸ்டன் எதற்கு, தண்ணீரையே வைத்துவிடலாமே? இங்கேதான் சூட்சுமம். தண்ணீர் மூன்று நான்கு மீட்டர் தடிமன் வேண்டும், அதே எடை அளவு டங்ஸ்டனில் இருபது சென்டிமீட்டரில் முடிந்துவிடும். ஒரு சிறிய பொருளைச் சுற்றி மூன்று மீட்டர் தண்ணீர் நிறுத்தினால் வெளி அடுக்குகளின் பரப்பு ஆரத்தின் வர்க்கமாக வளர்ந்துகொண்டே போகும். டங்ஸ்டனோ யுரேனியமோ என்றால் கவசம் மூலத்தை ஒட்டியே முடிந்துவிடும், பரப்பு சின்னதாக இருக்கும், எடையும் சின்னதாக இருக்கும். தெருவிளக்கின் வெளிச்சம் கண்ணைக் கூசினால் வீட்டுச் சுவர் முழுக்கத் திரை போடலாம், அல்லது விளக்கின் பக்கத்தில் ஒரு சின்னத் துணியைக் கட்டிவிடலாம். இரண்டிலும் துணியின் தடிமன் ஒன்றேதான், செலவாகிற துணியின் அளவுதான் வேறு.

எங்கள் வேலையில் இதைக் கையில் வைத்தே பார்க்கலாம். சோர்ஸை கேமராவிலிருந்து டிரைவ் கேபிளால் வெளியே தள்ளும்போது கைடு டியூபின் நுனியில் கொலிமேட்டர் என்று ஒரு டங்ஸ்டன் துண்டை மாட்டுவோம், உள்ளங்கையில் அடங்கும். பிலிம் இருக்கும் திசைக்கு மட்டும் அதில் திறப்பு. அதை மாட்டாமல் சோர்ஸை வெளியே எடுத்தால் கயிறு கட்டி ஆட்களை நிறுத்த வேண்டிய தூரம் எங்கேயோ போய்விடும். மாட்டினால் அதே ராத்திரி, அதே இடம், கதிரை அளக்கும் சர்வே மீட்டரின் முள் பாதி வழியிலேயே அடங்கிவிடுகிறது. ஆட்களைச் சுற்றி ஈயச் சுவர் கட்டி இதே பலனைப் பெற வேண்டுமானால் லாரியில்தான் கொண்டுவர வேண்டும்.

விண்கலத்தில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். உலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் தடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆட்கள் இருப்பது ஒரே திசையில். அந்தத் திசைக்கு மட்டும் ஒரு தட்டு மாதிரிக் கவசத்தை வைத்து, கலம் முழுவதும் அதன் நிழலுக்குள் அடங்கும்படி வடிவமைத்தால் போதும். மற்ற திசைகளில் கதிர் அண்டவெளிக்குப் போய்க்கொண்டே இருக்கட்டும், அங்கே யாரும் இல்லை. இதைத்தான் நிழல் கவசம் என்கிறார்கள். 1965 ஏப்ரலில் அமெரிக்கா ஏவிய ஸ்னாப்-10ஏ என்ற சின்ன உலையிலேயே இது இருந்தது, லித்தியம் ஹைட்ரைடில் செய்த நிழல் கவசம். அதில் ஆள் இல்லை, எலெக்ட்ரானிக்ஸைக் காப்பாற்றத்தான் கவசம். 43 நாள் ஓடியது. நின்றதற்குக் காரணம் உலை இல்லை, கலத்தின் மின்சாரப் பகுதியில் வந்த கோளாறு.

பூமியில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. காற்று இருக்கிறதே. பக்கவாட்டில் போன காமாவும் நியூட்ரானும் காற்றில் மோதிச் சிதறித் திரும்பி வந்து நிழலுக்குள் புகுந்துவிடும். 1950களில் அமெரிக்கர்கள் அணுசக்தி விமானம் செய்யப் பார்த்தார்கள். என்பி-36எச் என்ற விமானத்தில் 1 மெகாவாட் உலையை ஏற்றி 1955 முதல் 1957 வரை 47 முறை பறந்தார்கள். உலை விமானத்தை ஓட்டவில்லை, கவசம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க மட்டும்தான். உலைப் பக்கம் ஒரு கவசம் இருந்தும், விமானிகள் உட்கார்ந்த அறைக்கு ஈயமும் ரப்பருமாகப் பத்து டன்னுக்கு மேல் கவசம் போட வேண்டியிருந்தது. 1961-ல் கென்னடி அந்தத் திட்டத்தையே மூடினார். "அணு உலை என்றால் கவசம் பல பத்து டன்" என்ற எண்ணம் பலருக்கு இந்த மாதிரிப் பூமிக் கதைகளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். வெற்றிடத்தில் சிதறடிக்க எதுவும் இல்லை, நாம் கொண்டுபோய் நீட்டி வைக்கிற பொருளைத் தவிர.

அந்த "தவிர" பெரிய தவிர. உலைக்கலத்துக்கு ரேடியேட்டர் வேண்டும், கழிவு வெப்பத்தை விண்வெளிக்கு விட அகல அகலமான தகடுகள். அவை நிழல் கூம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கதிர் அதில் பட்டுச் சிதறி நேராக ஆட்கள் மேல் வரும், கவசம் இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். அணு உலைக் கலங்களின் படங்களில் ரேடியேட்டர்கள் உலைப் பக்கம் குறுகி, ஆட்கள் பக்கம் விரிந்து முக்கோணமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக இல்லை, நிழலுக்குள் அடங்குவதற்காக வெட்டியது. வந்து இணையும் வேறு கலமும் அப்படித்தான், முன்பக்கமிருந்து நிழலுக்குள்ளேயே வர வேண்டும், பக்கவாட்டில் சுற்றிவரக் கூடாது. உலையை அணைத்த பிறகும் பிளவுப் பொருள்களின் காமா கொஞ்ச நாளைக்கு இருக்கும், ஆகவே அணைத்துவிட்டோமே என்று பின்பக்கம் போய் ரிப்பேர் பார்க்கவும் முடியாது.

சரி, எண்களுக்கு வருவோம். கீழே இருப்பது என் தோராயக் கணக்கு, காமாவுக்கு மட்டும். யாரும் இதை வைத்துக் கலம் கட்டிவிட வேண்டாம்.

1 மெகாவாட் வெப்பம் தரும் உலையில் வினாடிக்கு ஏறத்தாழ 3 × 10¹⁶ பிளவுகள் நடக்கும், அதாவது அத்தனை யுரேனிய அணுக்கள் உடையும். ஒவ்வொரு பிளவுக்கும் 7 எம்இவி காமா வெளியே தப்புகிறது என்று வைத்துக்கொண்டால், கவசமே இல்லாமல் 50 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு மணிக்கு 10 சீவர்ட் அளவில் வருகிறது (சீவர்ட் என்பது உடலில் ஏறும் கதிரின் அளவை, அதாவது டோஸை, அளக்கும் அலகு). அரை மணி நேரத்தில் ஆள் உயிர் பிழைப்பது சந்தேகம். இதை வருடத்துக்கு 50 மில்லிசீவர்டாக இறக்க வேண்டுமானால் சுமார் இருபது லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். மேலே சொன்ன கிராம் கணக்கையும், கவசத்துக்குள்ளேயே சிதறி வரும் காமாவுக்குக் கொஞ்சம் கூடுதலையும் சேர்த்தால், ஒரு சதுர மீட்டருக்கு 4 டன் பக்கம் வருகிறது. கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் எத்தனை சதுர மீட்டர் என்பதுதான் கேள்வி.

உலையை எல்லாப் பக்கமும் மூடினால் 30 டன்னைத் தாண்டும். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள சின்ன உலை, 50 மீட்டர் தள்ளி 10 மீட்டர் அகலத்துக்கு ஆட்கள் பகுதி, அதற்கு மட்டும் நிழல் என்றால் கவசத்தின் சராசரிப் பரப்பு அரைச் சதுர மீட்டர்தான் வரும். 2 டன். அதே சுவர், அதே தடிமன், பரப்பு மட்டும் குறைந்தது.

இப்போது உலையையும் ஆட்கள் பகுதியையும் இணைக்கும் உத்தரத்தை நீட்டி 50 மீட்டரை 100 மீட்டராக்குங்கள். தூரம் இரட்டிப்பானால் கதிர் நான்கில் ஒன்றாகும், அதனால் சதுர மீட்டருக்கு 300 கிலோ மிச்சம். அது போக, தூரம் கூடியதால் கூம்பும் ஒடுங்குகிறது, கவசத்தின் பரப்பும் குறைகிறது. இரண்டும் சேர்ந்து 2 டன் 1.4 டன்னாக வந்துவிடும். தூரம் இப்படி இரண்டு தடவை வேலை செய்வதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை, வர்க்கக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் உத்தரத்துக்கும் எடை உண்டு, அதில் ஓடும் குழாய்க்கும் கேபிளுக்கும் எடை உண்டு, நீளமான கலத்தைத் திருப்புவதும் அதன் ஆட்டத்தை அடக்குவதும் தனித் தலைவலி. அதனால் ஒரு கட்டத்துக்கு மேல் நீட்டுவதில் பயன் இல்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தின் உத்தரமே 109 மீட்டர் நீளம், ஆக நூறு மீட்டர் என்பது செய்யவே முடியாத காரியம் இல்லை.

அடுத்து உலையின் அளவு. மேலே 60 சென்டிமீட்டர் என்றேன். அதை 1 மீட்டராக்கிப் பாருங்கள், வேறு எதையும் மாற்றாமல். 2 டன்னாக இருந்த கவசம் 4.5 டன்னுக்குப் போய்விடுகிறது! கவசம் உலையின் முகத்தை முழுக்க மறைத்தாக வேண்டும் என்பதால் அதன் பரப்பை முடிவு செய்வது பெரும்பாலும் உலையின் விட்டம்தான். கவச எடையைக் குறைக்க வேண்டும் என்பவர் முதலில் உலை வடிவமைப்பவரிடம் போய்ச் சண்டை போட வேண்டும். இதில் அரசியலும் கலந்திருக்கிறது. ஆயுதத் தரத்துக்குச் செறிவூட்டிய யுரேனியம் இருந்தால் உலையைக் குட்டியாகச் செய்யலாம். 2018 மார்ச்சில் நெவாடாவில் சோதித்த கிரஸ்டி என்ற சின்ன உலையின் மையத்தில் இருந்த யுரேனியம்-235 சுமார் 28 கிலோதான், அது உயர் செறிவு யுரேனியம். அந்த மாதிரிப் பொருளை ராக்கெட்டில் ஏற்றுவதில் உள்ள ஆபத்தை நினைத்து இப்போது 20 சதவீதத்துக்குக் கீழ் செறிவூட்டிய யுரேனியத்தையே பயன்படுத்தலாம் என்று போகிறார்கள். நியாயமான முடிவுதான், ஆனால் உலை பருக்கும், அதன் விலையைக் கவசத்தில் கட்ட வேண்டும்.

நியூட்ரானைப் பற்றி இன்னும் பேசவே இல்லை. அதற்கு ஈயமும் டங்ஸ்டனும் ஆகாது. கனமான அணுவில் மோதினால் நியூட்ரான் வேகம் குறையாமல் எகிறிப் போய்விடும், தன் எடையே உள்ள ஹைட்ரஜனில் மோதினால்தான் பாதி ஆற்றலைக் கொடுத்துவிட்டு மெதுவாகும். அதனால் ஹைட்ரஜன் நிறைய உள்ள, லேசான பொருள் வேண்டும். லித்தியம் ஹைட்ரைடுக்கு இந்த விஷயத்தில் போட்டியே இல்லை என்று சொல்லலாம். தண்ணீரைவிட லேசு, வேக நியூட்ரானைத் தடுப்பதில் கிராமுக்குக் கிராம் தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, ஈயத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல். இன்னொரு நல்ல குணமும் உண்டு. மெதுவான நியூட்ரானை ஹைட்ரஜன் விழுங்கினால் 2.2 எம்இவி காமா ஒன்றைத் துப்பும், புதுத் தொல்லை. லித்தியம்-6 விழுங்கினால் ஹீலியமும் டிரிட்டியமுமாக உடையும், காமா வராது. அதனால் லித்தியம்-6 செறிவைக் கூட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

கெட்ட குணமும் இருக்கிறது. 690 டிகிரி பக்கத்தில் உருகிவிடும், கதிர்வீச்சு பட்டால் வீங்கும், அதிலும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குள் வைத்திருக்காவிட்டால் வீக்கம் அதிகம், வெப்பம் கூடினால் ஹைட்ரஜன் கழன்று வெளியேறப் பார்க்கும், தண்ணீர் பட்டால் கேட்கவே வேண்டாம். விரிசல் விடாமல் இருக்க ஸ்டெயின்லெஸ் தேன்கூட்டு அறைகளுக்குள் வார்த்து மூடி வெல்டு வைக்கிறார்கள். நம்ம ஊர் ஸ்டீல் பிளாண்டில் உருட்டுவது மாதிரியான தகடுதான், ஆனால் அந்த வெல்டுக்கு ஆர்.டி. எடுக்கச் சொன்னால் நான் இரண்டு தடவை யோசிப்பேன்.

டங்ஸ்டனையும் லித்தியம் ஹைட்ரைடையும் எந்த வரிசையில் அடுக்குவது என்பதிலும் எடை இருக்கிறது. டங்ஸ்டனை முழுக்க உலைப் பக்கம் வைத்தால் பரப்பு சின்னதாக இருக்கும், எடைக்கு லாபம், ஆனால் நியூட்ரான்கள் அதில் பட்டு அங்கேயே புதுக் காமாக்களை உண்டாக்கும். கடைசியில் வைத்தால் அந்தத் தொல்லை குறையும், ஆனால் கூம்பு விரிந்த இடத்தில் பரப்பு அதிகம். ஆகவே பிரித்துப் பிரித்து, கொஞ்சம் டங்ஸ்டன், கொஞ்சம் ஹைட்ரைடு, மறுபடி டங்ஸ்டன் என்று அடுக்குவார்கள். இந்த அடுக்கைக் கம்ப்யூட்டரில் ஆயிரம் விதமாக மாற்றிப் பார்ப்பது ஒரு தனிக் கலை. இதில் கிடைக்கும் லாபம் நிஜமானதுதான், ஆனால் விட்டத்தைக் குறைப்பதில் கிடைக்கும் லாபத்தோடு ஒப்பிட்டால் இரண்டாம் பட்சம்.

அணு வெப்ப ராக்கெட் என்றால் நிலைமை வேறு. நெர்வா என்ற பழைய அமெரிக்கத் திட்டம் மாதிரி, உலையில் ஹைட்ரஜனைச் சூடாக்கிப் பின்னால் பீய்ச்சுவது. 1968-ல் நெவாடா பாலைவனத்தில் சோதித்த ஃபீபஸ்-2ஏ உலை 4,000 மெகாவாட்டைத் தாண்டியது, என் 1 மெகாவாட் கணக்கை வைத்துப் பார்த்தால் நினைக்கவே பயம்தான். ஆனால் இந்த வகைக் கலத்தில் எப்படியும் திரவ ஹைட்ரஜன் நிரப்பிய பெரிய தொட்டி உலைக்கும் ஆட்களுக்கும் நடுவே இருக்கிறது. ஹைட்ரஜனைவிட நல்ல நியூட்ரான் கவசம் எங்கே கிடைக்கும்! 10 மீட்டர் ஆழத் தொட்டி என்றால் சதுர மீட்டருக்கு 710 கிலோ ஹைட்ரஜன், நியூட்ரான் அதைத் தாண்டுவது நடக்காத காரியம், காமாகூட நூறு மடங்குக்கு மேல் குறையும். கவசம் என்று தனியாக ஒரு கிலோகூட ஏற்றாமல் கிடைப்பது இது.

ஒரே சிக்கல், தொட்டி காலியாகிக்கொண்டே வரும். எரியும் நேரத்தின் கடைசி நிமிடங்களில் தொட்டியில் ஒன்றும் இருக்காது, உலையோ முழு வேகத்தில் ஓடும். ஆட்களுக்கு வரும் டோஸில் பெரும்பங்கு அந்தக் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. அதனால் கடைசியாகக் காலியாகும் தொட்டியை அகலமில்லாமல் ஒல்லியாக, நீளமாக, நட்ட நடுவில் வைப்பது, அடிப்பாகத்தைக் கூம்பாக்குவது, ஓரளவு ஹைட்ரஜனைத் தீர்க்காமல் மிச்சம் வைப்பது என்று வழிகள் உண்டு. மிச்சம் வைப்பது எனக்குப் பிடித்தமில்லை, அதற்குப் பேசாமல் உலைப் பக்கக் கவசத் தட்டையே கொஞ்சம் தடிப்பாகப் போடலாம்.

ஆனால் இந்த வகை ராக்கெட்டுக்கு இன்னொரு சாதகம் இருக்கிறது. நியூட்ரான் எத்தனை வரும் என்பது மொத்தம் எவ்வளவு ஆற்றல் எடுத்தோம் என்பதைப் பொறுத்தது. 500 மெகாவாட் உலை மொத்தப் பயணத்திலும் ஒரு மணி நேரம் எரிந்தால் 500 மெகாவாட்-மணி. மின்சார உந்துவிசைக் கலத்தில், அதாவது உலை தரும் மின்சாரத்தால் நாள்கணக்கில் மெல்லத் தள்ளிக்கொண்டு போகும் கலத்தில், 5 மெகாவாட் உலை 300 நாள் ஓடினால் 36,000 மெகாவாட்-மணி. எழுபது மடங்கு! சாதுவாகத் தெரிகிற சின்ன உலைதான் மொத்தத்தில் அதிகம் கக்குகிறது. அப்புறம், ராக்கெட் எரியும் அரை மணி நேரத்துக்கு ஆட்கள் எல்லாரும் பாதுகாப்பு அறைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்ளலாம், 300 நாளுக்கு அப்படி உட்கார முடியாது. ஆகவே நீள உத்தரமும் கனமான நிரந்தரக் கவசமும் மின்சார உந்துவிசைக் கலத்துக்கு, தொட்டியும் தற்காலிகப் பதுங்கலும் வெப்ப ராக்கெட்டுக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைத்து "அணு உலைக் கலத்தின் கவச எடை இவ்வளவு" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது சரியில்லை.

இத்தனை பாடுபட்டு உலையைத் தடுத்தபிறகும் ஆட்களுக்கு டோஸ் வரும், அதுவும் உலையைவிட அதிகமாக, விண்வெளியிலிருந்தே. கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போன வழியில் அதற்குள் இருந்த கருவி அளந்தது நாளுக்கு சராசரியாக 1.84 மில்லிசீவர்ட். 300 நாள் என்றால் 550. எங்களை மாதிரிக் கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு இங்கே வருடத்துக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட்தான் உச்சவரம்பு, எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. நாசா விண்வெளி வீரருக்கு வாழ்நாள் முழுவதற்கும் வைத்திருப்பது 600. ஒரு பயணத்திலேயே அது கிட்டத்தட்டத் தீர்ந்துவிடுகிறது, உலையே இல்லாமல்.

இந்த அண்டக் கதிரைத் தடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு நம் தலைக்கு மேலே பார்த்தால் போதும். சேலத்தில் நிற்கிற நமக்கு ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் மேலே ஒரு கிலோ காற்று இருக்கிறது, அதாவது 10 மீட்டர் தண்ணீருக்குச் சமம். வண்டியை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்கு ஏறினால் அதில் ஏழில் ஒரு பங்குக் கவசத்தைக் கீழே விட்டுவிட்டுப் போகிறோம், அங்கே அண்டக் கதிர் டோஸ் இங்கே இருப்பதைவிடக் கூடுதல்தான் (யாரும் பயந்துகொண்டு காபி குடிக்கப் போகாமல் இருக்க வேண்டாம், அது ரொம்பச் சின்ன அளவு). சதுர மீட்டருக்குப் பத்து டன் என்பதை ஆட்கள் வாழும் பகுதியைச் சுற்றி எந்தக் கலமும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அலுமினியத்தைத் தடிப்பாக்கினால் அதில் பட்டு உடையும் துகள்களே புதுத் தொல்லையாகிவிடும். பாலிஎத்திலீன், தண்ணீர் மாதிரி ஹைட்ரஜன் உள்ளவை பரவாயில்லை, அதுவும் ஓரளவுக்குத்தான்.

காந்தப்புல யோசனை இங்கே பொருந்தும், கொள்கையளவில். ஆனால் அதற்கான மிகைக்கடத்திக் காந்தம், குளிர்விப்பு, அதைத் தாங்கும் சட்டகம் எல்லாவற்றின் எடையையும் கூட்டினால் யாரும் இன்னும் கலத்தில் வைத்துப் பறக்கவில்லை என்பதன் காரணம் புரியும்.

இந்தக் கதிரைக் குறைக்க நம் கையில் இருக்கும் நல்ல வழி பயண நாளைக் குறைப்பது. 60 நாள் குறைந்தால் 110 மில்லிசீவர்ட் மிச்சம், அதைத் தரக்கூடியது அதே அணு உலைதான். உலையால் வருடத்துக்கு 50 வாங்கி, வேகத்தால் 110 மிச்சப்படுத்தினால் கணக்கு லாபம். ஐம்பதே அதிகம் என்று தோன்றினால் ஐந்தாகக் குறைக்க எவ்வளவு ஆகும் தெரியுமா? பத்தில் ஒன்றாக்கச் சதுர மீட்டருக்கு இன்னும் 500 கிலோதான் வேண்டும், அரைச் சதுர மீட்டருக்கு 250 கிலோ. பரப்பைச் சின்னதாக வைத்துவிட்டால் தடிமன் மலிவு. பரப்பைக் கோட்டைவிட்டவருக்கு அதே பத்து மடங்கு பல டன் ஆகும்.

சூரியப் புயல் தனி. 1972 ஆகஸ்டில் பெரிய புயல் ஒன்று வந்தது, அப்போலோ 16 ஏப்ரலிலும் 17 டிசம்பரிலும் போனதால் நடுவில் யாரும் மாட்டவில்லை. அதற்கு எப்படியும் தண்ணீரையும் உணவையும் சுற்றி அடுக்கிய ஒரு சின்ன அறை கலத்தில் வேண்டும். அந்த அறையையே ராக்கெட் எரியும் நேரத்துப் பதுங்கலுக்கும், உலைப் பக்கச் சுவராகவும் சேர்த்து வடிவமைத்தால் ஒரு எடையை இரண்டு தடவை பயன்படுத்தலாம். கழிவு நீரும் கதிரைத் தடுக்கும், அதற்கு நல்ல தண்ணீர் கெட்ட தண்ணீர் என்ற பேதம் கிடையாது.

தம்பி இதை ப்ராஜெக்டாகச் செய்யப் போவதாகச் சொன்னதால் ஒரு யோசனை. ஓப்பன்எம்சி என்று நியூட்ரானும் காமாவும் கணக்குப் போடும் இலவச மென்பொருள் இருக்கிறது, சாதாரண லேப்டாப்பிலேயே சின்ன மாடல் ஓடும். எடுத்தவுடன் பொருள்களை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள், எல்லாரும் அங்கேதான் நேரத்தைத் தொலைக்கிறார்கள். முதலில் உலை, ஒரு தட்டு, 50 மீட்டர் தள்ளி ஒரு டிடெக்டர், நடுவே வெற்றிடம், இதை மட்டும் வைத்து உலையின் விட்டத்தை மாற்றி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து கூம்புக்குள் அடங்கிய ஒரு ரேடியேட்டர் தகட்டை வைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிப் பாருங்கள். டிடெக்டரில் ஏறுவதைக் கவசத்தை எத்தனை தடிப்பாக்கினாலும் இறக்க முடியாத இடம் ஒன்று வரும். அந்த வரைபடம் கிடைத்ததும் அனுப்புங்கள், அடுக்கு வரிசையைப் பற்றி அப்புறம் பேசலாம்.